கேபிள்காரர் கொடுத்த மோடமும் நீங்கள் வாங்கிய ரூட்டரும்: எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது?

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே கிராமத்தில் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் அங்கே இருக்கிறார்கள். நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். கேபிள்காரர் ஃபைபர் இணைப்பும் ஒரு மோடமும் கொடுத்தார். அதன் வைஃபை போதவில்லை என்று நானே ஒரு ரூட்டர் வாங்கி அதற்குப் பின்னால் மாட்டினேன். அப்படியும் பின்கட்டு அறைக்கு வைஃபை எட்டவில்லை. பிரிண்டர் அடிக்கடி காணாமல் போகிறது. மாந்தோப்பு வாசலில் உள்ள கேமராவை ஓசூரிலிருந்து பார்க்க போர்ட் ஃபார்வர்டிங் செய்தேன். அதுவும் வேலை செய்யவில்லை. ரூட்டரில் எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?

பதில்:

நீங்கள் சொல்லும் மூன்றுக்கும் காரணங்கள் வேறு வேறு. பிரிண்டரை ரூட்டரின் அமைப்புப் பக்கத்திலேயே பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். பின்கட்டு அறைக்கு எந்த அமைப்பும் உதவாது. அங்கே தடுப்பது சுவர். கேமரா விஷயத்தில் நீங்கள் எழுதிய போர்ட் ஃபார்வர்டிங் விதி, அதாவது வெளியிலிருந்து வரும் அழைப்பைக் கேமராவுக்குத் திருப்பிவிடும் விதி, சரியாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் திறந்த கதவுக்கு வெளியே இன்னும் இரண்டு கதவுகள், மோடத்தில் ஒன்றும் கேபிள் நிறுவனத்தில் ஒன்றும், மூடியிருக்கக்கூடும். அவற்றில் ஒன்று உங்கள் கையிலேயே இல்லை.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வேண்டுகோள். பெட்டியின் பின்னால் ஊசித் துளை போல இருக்கும் ரீசெட் பொத்தானை அழுத்தாதீர்கள். பாலக்கோடு பக்கம் ஒரு வீட்டில் இணையம் மெதுவாக இருக்கிறது என்று பள்ளிக்கூடப் பையன் ஒருவன் ஊக்கை விட்டுப் பத்து விநாடி அழுத்திவிட்டான். மோடம் மறுபடி உயிர் பெற்றது, வைஃபை வந்தது, இணையம் மட்டும் வரவில்லை. இணைப்புக்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்துபோயிருந்தன. அவை எழுதியிருந்த நோட்டு, இணைப்பு கொடுத்த ஊழியரிடம். அவரோ உறவினர் திருமணத்துக்காக வெளியூரில். மூன்று நாள் அந்த வீட்டில் இணையம் இல்லை. மின்சாரத்தை நிறுத்திப் போடுவது வேறு, ரீசெட் வேறு. முன்னதை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். பின்னது எழுதியதையெல்லாம் துடைத்துவிடும்.

அமைப்புப் பக்கத்துக்குள் போக, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். சீட்டு கிழிந்திருந்தால், போனில் இணைந்திருக்கும் வைஃபையின் விவரப் பக்கத்தில் 'கேட்வே' என்ற இடத்தில் இருப்பதும் அதே எண்தான். பக்கம் திறக்க மறுத்தால் போனின் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு முயலுங்கள். உள்ளே போனதும் முதல் வேலை, எதையும் தொடாமல் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்வது. பல ரூட்டர்களில் மொத்த அமைப்பையும் ஒரு கோப்பாகச் சேமிக்கும் வசதியும் உண்டு. அதையும் செய்துவிடுங்கள். இந்த ஐந்து நிமிடம் பின்னால் ஐந்து நாளைக் காப்பாற்றும்.

அந்தப் பக்கங்களில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று வெளிப்பக்கம்: கேபிள்காரரின் கம்பி உள்ளே வரும் இடம். இன்னொன்று உள்பக்கம்: உங்கள் வீட்டுப் போன், டிவி, பிரிண்டர் இருக்கும் இடம். உள்பக்கம் முழுக்க உங்களுடையது, தாராளமாக மாற்றலாம். வெளிப்பக்கத்தில் நிறுவனத்தின் இணைப்புக்குள் நுழைவதற்கான பி.பி.பி.ஓ.இ. என்ற முறையும், அதற்கான பயனர் பெயரும், வி.லேன் என்று ஓர் எண்ணும், எம்.டி.யு. (ஒரு தகவல் பொட்டலத்தின் உச்ச அளவு) 1492 என்பதும் இருக்கும். சாதாரணமாக ஒரு தகவல் பொட்டலம் 1500 பைட் வரை இருக்கலாம். பி.பி.பி.ஓ.இ. தன் முகப்புக்காக 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1492 ஆகிறது. வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பி அதை 1500 ஆக்காதீர்கள். சில தளங்கள் திறக்கும், சில பாதியில் நிற்கும்; காரணம் புரியாமல் தவிப்பீர்கள். வெளிப்பக்கப் பட்டியலில் சில பெட்டிகளில் இரண்டாவதாக ஓர் இணைப்பும் தெரியும். நிறுவனம் தொலைவிலிருந்து பெட்டியைப் பராமரிக்க வைத்திருக்கும் வழி அது. வேண்டாதது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

வெளிப்பக்கத்தில் நீங்கள் பார்க்க வேண்டிய எண் ஒன்று உண்டு: ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் அளவு. 'ஆர்.எக்ஸ். பவர்' என்ற தலைப்பில் மைனஸ் எண்ணாக இருக்கும். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 வரை இருந்தால் கவலை இல்லை. மைனஸ் 27ஐ நெருங்கினால் இணைப்பு அடிக்கடி அறும். ரூட்டரில் என்ன மாற்றினாலும் சரியாகாது. கேபிள்காரர்தான் வர வேண்டும். அவரைக் கூப்பிடும் முன் டிவிக்குப் பின்னால் அந்த மெல்லிய கம்பியை யாராவது இறுக்கி மடித்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். செம்புக் கம்பியை மடிப்பது போல ஃபைபரை மடிக்கக் கூடாது. மடிப்பில் ஒளி வெளியே கசிந்துவிடும்.

இனி இரண்டு பெட்டிகள் விஷயம். நாம் மோடம் என்று சொல்லும் அந்தப் பெட்டியின் சரியான பெயர் ஓ.என்.டி. ஒளியை மின் சைகையாக மாற்றுவதோடு அது நின்றுவிடுவதில்லை. அதுவே ஒரு முழு ரூட்டர். அதற்குப் பின்னால் நீங்கள் மாட்டியது இரண்டாவது ரூட்டர். இரண்டும் தனித்தனியே முகவரி பங்கிடுகின்றன. தனித்தனியே வாசல் காக்கின்றன. மோடத்தின் வைஃபையில் இருக்கும் அம்மாவின் போனுக்கு, புது ரூட்டரில் இணைந்த பிரிண்டர் தெரியவே தெரியாது. உங்கள் பிரிண்டர் 'காணாமல் போவதில்' பாதி இதுதான் என்று நினைக்கிறேன்.

இதற்கு இரண்டு வழிகள். மோடத்தை பிரிட்ஜ் முறைக்கு, அதாவது ரூட்டர் வேலையை விட்டுச் சைகையை மட்டும் கடத்தும் முறைக்கு மாற்றி, பி.பி.பி.ஓ.இ. விவரங்களைப் புது ரூட்டரில் எழுதுவது ஒன்று. மோடத்தையே ரூட்டராக விட்டுவிட்டுப் புதியதை வெறும் வைஃபை தரும் பெட்டியாக, அதாவது அக்சஸ் பாயின்ட் முறையில் வைப்பது இன்னொன்று. கணினி அறிந்தவர்கள் முதல் வழியைத்தான் விரும்புவார்கள். உங்கள் வீட்டுக்கு நான் இரண்டாவதைச் சொல்வேன். நீங்கள் ஓசூரில் இருக்கிறீர்கள். ஒரு நாள் இணையம் நின்றால் கேபிள்காரரின் ஆள் வந்து தனக்குத் தெரிந்த பெட்டியைத்தான் பார்ப்பார். உங்கள் ரூட்டரில் விவரங்கள் இருந்தால் 'இது எங்கள் பெட்டி இல்லை' என்று போய்விடுவார். அப்பா உங்களுக்குப் போன் செய்துகொண்டே இருப்பார்.

புது ரூட்டரில் அக்சஸ் பாயின்ட் என்ற முறை நேரடியாகவே இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இல்லாவிட்டால் கையால் செய்யலாம், வரிசை முக்கியம். மோடத்திலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டு, ரூட்டரின் உள்பக்க முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள் (மோடம் 192.168.1.1 ஆக இருந்தால்). அடுத்து அதில் டி.எச்.சி.பி.யை, அதாவது முகவரி பங்கிடும் வசதியை அணையுங்கள். கடைசியாக மோடத்திலிருந்து வரும் கேபிளை, வேறு நிறத்தில் தனியாக இருக்கும் துளையில் செருகாமல், மற்ற நான்கு லேன் துளைகளில் ஒன்றில் செருகுங்கள். இனி முகவரி பங்கிடுவது மோடம் மட்டும்தான். ஒரு வீட்டில் இரண்டு பேர் முகவரி பங்கிட்டால் இரண்டு சாதனங்களுக்கு ஒரே எண் போய்ச் சேரும். ஒன்று மாற்றி ஒன்று துண்டிக்கும்.

பிரிண்டர் காணாமல் போவதன் மறுபாதியும் முகவரி சங்கதிதான். டி.எச்.சி.பி. கொடுக்கும் முகவரி நிரந்தரமல்ல, வாடகைக்கு விடப்பட்டது. ஒரு வாரம் அணைத்து வைத்த பிரிண்டர் மறுபடி எழும்போது அதன் பழைய எண் வேறொருவருக்குப் போயிருக்கலாம். கணினியோ பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கும். மோடத்தில் டி.எச்.சி.பி. பக்கத்தில் முகவரி ஒதுக்கீடு என்ற வசதி இருக்கும். பிரிண்டரின் மேக் முகவரியை அங்கே எழுதி, 192.168.1.50 போல ஓர் எண்ணை ஒதுக்குங்கள். மேக் முகவரி என்பது ஒவ்வொரு சாதனத்துக்கும் தயாரிப்பாளர் இடும் பன்னிரண்டு எழுத்து எண் கொண்ட அடையாளம். கேமராவின் காட்சிகளைப் பதிவுசெய்யும் டி.வி.ஆர். பெட்டிக்கும் அப்படியே ஒன்று ஒதுக்கிவிடுங்கள். போன்களுக்கு இதைச் செய்வதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: ஆண்ட்ராய்டு 10, ஐ.ஓ.எஸ். 14 முதல் போன்கள் தம் உண்மையான மேக் முகவரியை மறைத்துப் புனைமுகவரியைக் காட்டுகின்றன. வீட்டு வைஃபைக்கு மட்டும் போனில் அதை அணைத்தால்தான் ஒதுக்கீடு நம்பகமாக நிலைக்கும்.

பழைய பிரிண்டர்களுக்கும் பெரும்பாலான வைஃபை கேமராக்களுக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். முதன்முறை இணைக்கும்போது 5 கிகாஹெர்ட்ஸைத் தற்காலிகமாக அணைத்துவிட்டால் தகராறு வராது. பாதுகாப்பு முறையை டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்று வைத்தாலும் பழைய சாதனங்கள் இணையாது, டபிள்யூ.பி.ஏ.2, 3 இரண்டும் கலந்த முறையில் வையுங்கள்.

கேமராவுக்கு வருகிறேன். மோடத்தின் நிலைப் பக்கத்தில் வெளிப்பக்க ஐ.பி. முகவரி என்ன என்று பாருங்கள். பிறகு அதே வீட்டு வைஃபையிலிருந்து தேடுபொறியில் 'என் ஐ.பி. முகவரி என்ன' என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்கென்று தனி முகவரி இருக்கிறது. மோடத்தில் தெரிவது 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால், அல்லது 10 என்று தொடங்கினால், நீங்கள் கூட்டு முகவரியில் இருக்கிறீர்கள். சிறிய கேபிள் நிறுவனங்களின் இணைப்பில் நான் பார்க்கும் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நிலைமை.

ஒண்டுக்குடித்தனங்கள் நிறைந்த ஒரு காம்பவுண்டை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பது குடும்பங்கள், வெளியே ஒரே கதவு எண், வாசலில் ஒரு காவலாளி. உள்ளிருந்து ஒருவர் கடைக்குச் சொல்லி அனுப்பினால், யார் சொன்னது என்று காவலாளி குறித்துக்கொண்டு, வந்த சாமானைச் சரியான வீட்டில் சேர்த்துவிடுவார். ஆனால் வெளியூர்க்காரர் ஒருவர் கதவு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வந்தால், எந்த வீடு என்று காவலாளிக்குத் தெரியாது, திருப்பி அனுப்பிவிடுவார். உங்கள் கேமராவைத் தேடி ஓசூரிலிருந்து வரும் போன்தான் அந்த வெளியூர்க்காரர். உங்கள் ரூட்டரில் நீங்கள் எழுதிய விதி வீட்டு வாசலில் ஒட்டிய பெயர்ப் பலகை. காம்பவுண்டு வாசலில் இருப்பவருக்கு அது தெரியப்போவதில்லை.

கேபிள்காரர் கஞ்சத்தனத்தால் செய்வதல்ல இது. ஐ.பி.யின் நான்காம் பதிப்பில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதற்கு அடுத்த ஆண்டு, இப்படிப் பங்கிட்டுக் கொடுப்பதற்கென்றே 100.64 என்று தொடங்கும் தொகுதி ஒதுக்கப்பட்டது. பின்னால் வந்த நிறுவனங்களுக்கு முகவரி கிடைப்பது அரிது.

தனி முகவரி வேண்டும் என்று கேட்டால் சில நிறுவனங்கள் கூடுதல் கட்டணத்தில் தருகின்றன. ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கேமராவுக்காகப் போர்ட் திறந்துவைப்பது ஆபத்தான பழக்கம். 2016இல் மிராய் என்ற தீநிரல், கேமராக்களிலும் டி.வி.ஆர். பெட்டிகளிலும் ரூட்டர்களிலும் தொழிற்சாலையில் வைத்த பயனர் பெயர், கடவுச்சொற்களையே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து லட்சக்கணக்கான சாதனங்களைப் பிடித்துக்கொண்டது. அந்த ஆண்டு அக்டோபரில் அவற்றைக் கொண்டு டைன் என்ற டி.என்.எஸ். (தளத்தின் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றித் தரும் சேவை) நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே பலருக்குப் பல மணி நேரம் திறக்கவில்லை. இன்றும் திறந்த போர்ட்டை யாராவது தட்டிப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுக் கேமராவில் தெரிவது உங்கள் அப்பா அம்மா எப்போது வீட்டில் இருக்கிறார்கள், எப்போது இல்லை என்பது. அதை வெளியாள் பார்க்க வழி விடக் கூடாது.

ஆகவே நீங்கள் எழுதிய போர்ட் விதியை அழித்துவிடுங்கள்; யு.பி.என்.பி. என்ற வசதியையும் அணையுங்கள், சாதனங்கள் உங்களைக் கேட்காமல் தாமே போர்ட் திறந்துகொள்ள வழிவிடுவது அதுதான். டி.வி.ஆர். பெட்டியின் சொந்தச் செயலியைப் பயன்படுத்துங்கள். அதில் கேமராப் பெட்டியே உள்ளிருந்து வெளியே போய்த் தொடர்பு கொள்வதால் காவலாளி தடுக்கமாட்டார். கடவுச்சொல்லை மட்டும் கட்டாயம் மாற்றுங்கள். மூன்றாம் நிறுவனத்தின் சர்வர் வழியே படம் போவது பிடிக்கவில்லை என்றால், வீட்டில் எப்போதும் ஓடும் ஒரு பழைய கணினியில் டெயில்ஸ்கேல் போன்ற வி.பி.என். (இணையத்துக்குள்ளேயே உங்களுக்கென ஒரு மறைவான வழி) நிறுவலாம். கூட்டு முகவரிக்குப் பின்னாலிருந்தும் அது வேலை செய்யும். எனக்குப் பிடித்த வழி அதுதான்.

பின்கட்டு அறைக்கு வருவோம். நம் பக்கத்துப் பழைய வீடுகளை வெளியூர்க்காரர்கள் எழுதும் குறிப்புகளைக் கொண்டு அளக்க முடியாது. ஒன்றரை அடி மண்சுவர், இல்லாவிட்டால் கருங்கல் சுவர். ராயக்கோட்டை பக்கம் ஒரு தக்காளி விவசாயியின் வீட்டுக்குப் போயிருந்தேன். ரூட்டர் கூடத்தில், பரண் மேல், இரும்பு டிரங்குப் பெட்டிக்கும் பித்தளை அண்டாவுக்கும் நடுவே. போனில் சிக்னல் அளக்கும் செயலியைத் திறந்து நடந்தேன். கூடத்தில் மைனஸ் 45. நடை வாசலில் மைனஸ் 60. கல்சுவர் தாண்டி உள்ளே கால் வைத்ததும் மைனஸ் 79. இந்த அளவில் பத்து குறைந்தால் சிக்னலின் வலு பத்தில் ஒன்றாகிவிடும். மைனஸ் 70க்குக் கீழே போனால் வீடியோ அழைப்பு நிலைப்பது கடினம். வீட்டுக்காரர் மகள் ஆன்லைன் வகுப்புக்காக வாசல்படியிலேயே உட்கார்ந்து படித்து வந்தாள். பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, நான்கு அடி தள்ளி, இரண்டு கதவுகளும் நேர்கோட்டில் வரும் இடத்தில் ஆணி அடித்து மாட்டினேன். அதே அறையில் மைனஸ் 66. அமைப்புப் பக்கத்தைத் திறக்கவே இல்லை.

நீங்களும் அதை முதலில் செய்யுங்கள். சமாளிக்கவில்லை என்றால், அந்தப் புது ரூட்டரை மோடத்தின் பக்கத்திலிருந்து எடுத்துப் பின்கட்டு அறைக்கே கொண்டுபோங்கள். இடையில் ஒரு கேட்-6 கேபிள். நூறு மீட்டர் வரை தாங்கும். சுவரில் ஒரு சிறு துளை போட்டால் போதும். வைஃபையை வைஃபையாலேயே நீட்டிக்கும் எக்ஸ்டெண்டர்கள் பெரும்பாலும் வேகத்தைப் பாதியாக்கிவிடுகின்றன. கேபிள் இழுக்க வழியே இல்லாத இடத்துக்கு மட்டும் அவை. ஒலிபரப்பு வலுவை 'அதிகம்' என்று வைத்தாலும் பெரிய பயன் இல்லை. ரூட்டர் எவ்வளவு உரக்கப் பேசினாலும், போனின் மெல்லிய குரல் கல்சுவர் தாண்டி அதன் காதில் விழ வேண்டும்.

சேனல், அதாவது அலைவரிசைக்குள் வைஃபை ஓடும் தடம், மாற்றுவது உங்கள் கிராமத்து வீட்டில் அநேகமாகத் தேவைப்படாது. அக்கம்பக்கத்தில் வைஃபை குறைவு. ஓசூரில் நீங்கள் இருக்கும் வீட்டில் அது பலன் தரும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11. அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வைத்து, அந்த மூன்றில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். முடிந்த சாதனங்களையெல்லாம் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள்.

தோப்புக் கேமராவுக்கு வீட்டிலிருந்து செம்பு லேன் கேபிளை மரத்துக்கு மரம் கட்டி இழுத்திருக்கிறீர்களா? இழுத்திருந்தால் கோடை மழைக்கு முன் அதை மாற்றுங்கள். சித்திரை, வைகாசி இடியில் அந்தக் கம்பி வழியே வரும் மின்வீச்சு கேமரா, டி.வி.ஆர்., மோடம் மூன்றையும் ஒரே நொடியில் கருக்கிவிடும். அந்தத் தூரத்துக்கு ஃபைபரும், இரு முனையிலும் ஒளியையும் மின் சைகையையும் மாற்றித் தரும் மீடியா கன்வர்ட்டரும் போடுவது நல்லது.

டி.என்.எஸ். பற்றிப் பலரும் கேட்பார்கள். 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றினால் பதிவிறக்க வேகம் கூடாது. கேபிள்காரரின் சொந்த டி.என்.எஸ். படுத்துவிடும் நாட்களில் மட்டும் கைகொடுக்கும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் 1.1.1.3 என்று வையுங்கள். ஆபாசத் தளங்களையும் தீநிரல் தளங்களையும் அது தடுக்கும்.

இரண்டு பெட்டிகளின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றி, அப்பாவின் ரேஷன் கார்டு, கரண்ட் பில் வைக்கும் பையில் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி திறந்திருந்தால் அணையுங்கள். வைஃபை கடவுச்சொல் இல்லாமலே ஓர் எண்ணைக் கொண்டு சாதனங்களை இணைக்கும் டபிள்யூ.பி.எஸ்.ஸையும் அணையுங்கள்: எட்டு இலக்க எண் என்று பார்க்கப் பெரிதாகத் தெரிந்தாலும், அதை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் உடைத்துவிடலாம் என்பது 2011இலேயே தெரிந்துவிட்டது. மின்வெட்டுக்கு ஒரு சிறு யு.பி.எஸ். வாங்கினால், பெட்டியின் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா பாருங்கள். மோடத்துக்கு மட்டும் போட்டால் போதாது. பின்கட்டில் வைத்த ரூட்டருக்கும் வேண்டும்.

ஊருக்குப் போனதும் எனக்கு இரண்டு விவரங்கள் எழுதுங்கள்: மோடத்தின் வெளிப்பக்க முகவரியின் முதல் இரண்டு எண்கள் (முழு முகவரி வேண்டாம்), ஒளியின் அளவு. கடவுச்சொல்லையோ பயனர் பெயரையோ யாருக்கும் அனுப்ப வேண்டாம், எனக்கும்கூட. முகவரியைப் பார்த்தால் கேமராவுக்கு எந்த வழி என்றும், ஒளியைப் பார்த்தால் இணைப்பு நன்றாக இருக்கிறதா என்றும் சொல்லிவிடுவேன்.